அத்தியாயம் 5: ஊசி முதலில், இலை பிறகு

“இனிமே பிள்ளைக்குச் சோறு குடுக்கலாமா?”

டைப் 1 என்று டாக்டர் சொன்ன அன்றே வீட்டில் எழுகிற முதல் கேள்வி இது. கேட்பது பெரும்பாலும் பாட்டி. அவருக்கே சுகர் வந்து பத்துப் பதினைந்து வருடம் ஆகியிருக்கும். காலையில் மாத்திரை, ராத்திரி சப்பாத்தி, கல்யாண வீட்டில் பாயசம் வேண்டாம் என்று சமாளித்து வந்தவர், அந்த அனுபவத்தை அப்படியே பேரப்பிள்ளையின் தட்டுக்குக் கொண்டுவருகிறார். சோற்றைக் குறை, பழத்தை நிறுத்து, கிழங்கைத் தொடாதே. நல்ல எண்ணம்தான், ஆனால் பாட்டிக்கு வந்தது வேறு நோய்.

பாட்டியின் உடம்பில் இன்சுலின் சுரக்கிறது. அது சரியாக வேலை செய்வதில்லை, போகப்போகச் சுரப்பும் குறைகிறது. பிள்ளையின் உடம்பிலோ, கிருமியை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பு சக்தி கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களையே அழித்துவிட்டது. தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைவு என்று அறிகுறிகள் தெரிகிற நேரத்தில் அந்தச் செல்களில் பெரும்பகுதி போயிருக்கும். அரிசியை நிறுத்தினாலும் கேழ்வரகுக்கு மாறினாலும் பாகற்காய்ச் சாறு குடித்தாலும் அவை திரும்பி வருவதில்லை. இன்சுலின் கண்டுபிடிப்பதற்கு முன்னால் டாக்டர்கள் செய்துகொண்டிருந்தது இந்தப் பத்தியம்தான். பிள்ளைகளை எலும்பும் தோலுமாக ஆகும்வரை பட்டினி போட்டார்கள். அதில் கிடைத்தது சில மாதங்களோ ஓரிரு வருடமோதான். 1922 ஜனவரியில் டொரண்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டபோது அந்தக் காலம் முடிந்தது.

ஆகவே பாட்டிக்குச் சொல்ல வேண்டிய பதில்: சோறு கொடுக்கலாம். சாப்பாட்டைக் குறைத்து இன்சுலினைத் தவிர்க்க முடியாது. சாப்பாட்டை அளந்தால் இன்சுலினைச் சரியாகப் போட முடியும். இந்த அத்தியாயம் முழுக்க அந்த அளவைப் பற்றியதுதான். இதில் வருகிற கணக்கெல்லாம் உங்கள் டாக்டரோடு உட்கார்ந்து உங்கள் பிள்ளைக்கென்று போட வேண்டியவை. புத்தகத்தைப் பார்த்து யூனிட்டை மாற்றாதீர்கள்.

எந்தச் சர்க்கரை என்று உறுதியாகட்டும்

திருவனந்தபுரத்தில் ஒல்லியான இளவயதுக்காரருக்குச் சுகர் என்றால், டாக்டர் வயிற்று எக்ஸ்ரேயோ ஸ்கேனோ எடுக்கச் சொல்லலாம். “சுகருக்கு எதுக்கு வயித்துல படம்?” என்று சலித்துக்கொள்ள வேண்டாம். அதற்குப் பின்னால் இந்த மண்ணின் கதை ஒன்று இருக்கிறது.

1960-களில் டாக்டர் பி. ஜே. கீவர்கீஸ் கேரளத்தில் ஒரு தனி வகைச் சர்க்கரையைப் பற்றி விரிவாக எழுதினார். நோயாளிகள் ஏழை வீட்டு இளைஞர்கள். சிறு வயதிலிருந்தே வயிற்றுவலி, மெலிந்த உடம்பு, படம் எடுத்தால் கணையத்துக்குள் வெள்ளைவெளேரென்று கற்கள். ஏறக்குறைய எல்லோர் வீட்டிலும் தினப்படி சாப்பாடு மரச்சீனி. கப்பை என்றும் சொல்கிற இந்தக் கிழங்கு, 1880 முதல் 1885 வரை ஆண்ட திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் ஊக்கப்படுத்திப் பரப்பியது. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி வரத்து நின்றபோது சமஸ்தானத்தின் வயிற்றை நிரப்பியதும் அதுதான். கிழங்கில் உள்ள சயனைடு கணையத்தைக் கெடுக்கிறதோ என்று 1979-ல் கீவர்கீஸும் மக்மில்லனும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். பிறகு மரச்சீனியே சாப்பிடாத ஊர்களிலும் இந்த நோய் தென்பட்டது, மரபணுக் காரணங்களும் தெரியவந்தன, கிழங்கின் மேல் இருந்த குற்றச்சாட்டு வலுவிழந்தது. அந்த நோயும் இப்போது அரிதாகி வருகிறது. என்றாலும் பழைய சந்தேகம் போகவில்லை. “கப்பை தின்னா சுகர் வரும்” என்று இன்றும் சொல்கிறார்கள்.

நமக்கு இது ஏன் முக்கியம்? கணையக் கல்லால் வருகிற சர்க்கரைக்கும் இன்சுலின் தேவைப்படலாம், ஆனால் அதில் கீட்டோன் (இன்சுலின் இல்லாதபோது கொழுப்பு எரிந்து ரத்தத்தில் சேரும் அமிலம்) ஏறி ஆபத்தாவது அபூர்வம். டைப் 1-ல் ஒரு நாள் ஊசி நின்றாலே உயிருக்கு ஆபத்து. எது என்று தெரிந்துகொள்ள ஜிஏடி ஆன்டிபாடி, சி-பெப்டைடு என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகள் உதவும்.

இதே பரிசோதனைகள் பெரியவர்களுக்கும் வேண்டியிருக்கும். முப்பது, நாற்பது வயதில் சுகர் வந்து, உடல் பருமன் இல்லாமல், குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு போன்ற தன்னெதிர்ப்பு நோய் இருந்து, மாத்திரை ஓரிரு வருடத்திலேயே பலன் தராமல் போனால், அது மெதுவாக வருகிற டைப் 1 ஆக இருக்கலாம். மருத்துவர்கள் லாடா என்பார்கள். “பத்தியம் சரியில்லை” என்று அவரைத் திட்டிக்கொண்டே மாத்திரையைக் கூட்டுவது வீண். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் இவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டியவை: சுகர் 200-க்குள் இருக்கும்போதே கீட்டோன் ஏறிவிடக்கூடும். அந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வாந்தி வந்தால், மீட்டரில் நல்ல எண் காட்டுகிறதே என்று இருந்துவிடக் கூடாது.

சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

இந்த அத்தியாயத்தில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

இந்தியாவில் இன்சுலின் இரண்டு அடர்த்தியில் கிடைக்கிறது. குப்பியில் வருவது பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பென்னில் போடும் கார்ட்ரிட்ஜிலும் சில குப்பிகளிலும் வருவது ஒரு மில்லிக்கு 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடுவரை இழுத்தால், உள்ளே போவது 25 யூனிட். இரண்டரை மடங்கு. தூக்கத்திலேயே பிள்ளையின் சுகர் தரைதட்டிவிடும். மாற்றி நடந்தால் பாதிக்கும் குறைவாகப் போகும். நாலு நாள் சுகர் 300, 400 என்று நின்று, காரணம் தெரியாமல் வீடே தவிக்கும்.

நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு இந்தத் தவறு எளிதில் நேரும். குமரி மாவட்டத்து ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இலவசமாக வாங்கிய 40 யூனிட் குப்பி வீட்டில் இருக்கும். திருவனந்தபுரத்தில் காட்டியபோது பென் எழுதிக் கொடுத்திருப்பார்கள். ஒரு நாள் பென் ஊசிமுனை தீர்ந்துவிடும், “மருந்து ஒண்ணுதானே” என்று கார்ட்ரிட்ஜில் சிரிஞ்சைக் குத்தி இழுப்பார்கள். எந்த அவசரத்திலும் இதைச் செய்யாதீர்கள். மருந்துக்கடையில் சிரிஞ்ச் வாங்கும்போது குப்பியைக் கையோடு கொண்டுபோய், லேபிளில் உள்ள எண்ணையும் சிரிஞ்சில் உள்ள எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூடியின் நிறம் ஓர் அடையாளம்தான். கடைசியில் நம்ப வேண்டியது எண்ணைத்தான்.

மருந்தை வைக்கும் இடத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். திறக்காத குப்பி ஃபிரிட்ஜில், 2 முதல் 8 டிகிரிக்குள். ஃப்ரீசரில் வைத்து உறைந்துபோன மருந்தை உருக்கிப் போடக் கூடாது, தூக்கி எறிந்துவிட வேண்டும். திறந்ததை வெயில் படாத, 30 டிகிரிக்கு மிகாத இடத்தில் வைத்து ஏறக்குறைய நாலு வாரத்துக்குள் தீர்க்க வேண்டும். திறந்த தேதியைக் குப்பியிலேயே பேனாவால் எழுதுங்கள். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் மண்பானை முறை உண்டு: தண்ணீர் ஊற்றிய பெரிய சட்டிக்குள் சின்னப் பானை, அதற்குள் பிளாஸ்டிக் உறையில் குப்பி. மதுரை போன்ற வறண்ட ஊரில் இது நன்றாகக் குளிரும். புழுக்கமான திருவனந்தபுரத்தில் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாததால் அவ்வளவு குளிராது. கையில் இருக்கும் குப்பிக்குப் போதும். மாதக்கணக்கில் சேர்த்து வைப்பதற்கு ஆகாது. நிறுத்தி வைத்த காருக்குள் இன்சுலினை விட்டுவிட்டு இறங்காதீர்கள்.

இரண்டு வேலை, இரண்டு இன்சுலின்

சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் உடம்புக்கு நாள் முழுக்கக் கொஞ்சம் இன்சுலின் தேவை. இதற்கான நீண்டநேர மருந்தை அடிப்படை இன்சுலின் என்போம். கிளார்ஜின் ஏறத்தாழ ஒரு நாள் வேலை செய்யும். டெக்லுடெக் அதற்கும் மேல். கலங்கலாக இருக்கும் பழைய என்பிஹெச் 12 மணி நேரத்துக்குச் சற்று மேல் நிற்கும், நடுவில் ஓர் உச்சமும் உண்டு. இரண்டாவது, சாப்பாட்டுக்கான இன்சுலின். ரெகுலர் என்ற பழைய வகை அரை மணி நேரம் கழித்துத்தான் வேலையைத் தொடங்கும், அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும். லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் போன்றவை பத்துப் பதினைந்து நிமிடத்தில் தொடங்கும்.

ரெண்டையும் கலந்த 30/70 மருந்து மலிவு, நாளைக்கு ரெண்டு ஊசியோடு முடிந்துவிடும். ஆனால் அதைப் போட்டால் மருந்து சொல்கிற நேரத்தில் மருந்து சொல்கிற அளவு சாப்பிட்டே ஆக வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அது கஷ்டம். ரெண்டையும் தனித்தனியாகப் போட்டால் அடிப்படைக்கு ஒன்று, மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு மூன்று. நாலு ஊசி என்றதும் மனம் பதறத்தான் செய்யும், ஆனால் அந்த நாலில்தான் சுதந்திரம் அதிகம். 4 மில்லிமீட்டர் ஊசிமுனை இருக்கிற காலத்தில் வலி பெரிய விஷயமில்லை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்துவதுதான் பிரச்சினை. அங்கே தோலுக்கடியில் கொழுப்புக் கட்டி வரும், மருந்து ஒரு நாள் இறங்கும், ஒரு நாள் இறங்காது. வயிறு, தொடை என்று இடம் மாற்றிக்கொண்டே வாருங்கள். பென் என்றால் மருந்தை அமுக்கியபின் பத்து எண்ணி எடுங்கள். என்பிஹெச் என்றால் உள்ளங்கைகளுக்கிடையே உருட்டிக் கலக்குங்கள், குலுக்கக் கூடாது.

தராசும் தட்டும்

சுகரை உடனே ஏற்றுவது மாவுச்சத்து. மீன், முட்டை, இறைச்சியில் அது இல்லை என்றே சொல்லலாம். தேங்காயில் குறைவு. நாம் எண்ண வேண்டியது சோறு, கிழங்கு, மாவு, பழம், பால், பருப்பு, சர்க்கரை.

முந்நூறு, நானூறு ரூபாயில் கிடைக்கும் சமையல் தராசு ஒன்று வாங்கி, முதல் இரண்டு மாதம் வீட்டில் வைக்கிற எல்லாவற்றையும் நிறுத்துப் பாருங்கள். அதன்பின் கண்ணே தராசாகிவிடும். வேகவைத்த சோறு 100 கிராமில் மாவுச்சத்து ஏறத்தாழ 28 கிராம். உங்கள் வீட்டு அகப்பையால் ஓர் அகப்பை எவ்வளவு என்று நிறுத்து, அந்த அகப்பையை மாற்றாதீர்கள். நடுத்தர இட்லி ஒன்று சுமார் 12. வீட்டுத் தோசை ஒன்று 20-ஐ ஒட்டி. சர்க்கரை போடாத பால் ஒரு டம்ளர், 200 மில்லி, 10. புட்டை எடை போடுவதைவிட நனைப்பதற்கு முன் அரிசி மாவை நிறுப்பதுதான் சரி: 100 கிராம் உலர்ந்த மாவில் 80 கிராம் வரை மாவுச்சத்து. ஒரு குற்றிக்கு 60 கிராம் மாவு என்றால் 48. அதோடு பெரிய பழுத்த ஏத்தன் பழம் ஒன்று சேர்த்தால் இன்னும் 40. புட்டும் பழமும் நம்மூரின் அருமையான காலை உணவு, ஆனால் அதில் ரெண்டு வேளைக்கான மாவுச்சத்து இருக்கிறது. பழத்துக்குப் பதில் கடலைக்கறியோ பயறோ சேர்த்தால் எண்ணும் குறையும், சுகர் ஏறும் வேகமும் குறையும். ஏத்தன் பழத்தைப் பாதியாக்கிச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

மட்டை அரிசி விஷயத்தில் கேரளம் முழுக்க ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. தவிடு ஒட்டிய சிவப்பு அரிசி நல்லதுதான். நார்ச்சத்து உண்டு, சுகர் சற்று மெதுவாக ஏறும். அதற்காக மாவுச்சத்து குறைந்துவிடவில்லை. “செவப்பரிசிதானே” என்று இரண்டு அகப்பை கூடுதலாகப் போட்டால் ஊசியும் கூட வேண்டும். சப்பாத்திக்கும் இதே கதை.

இனி மரச்சீனி. பச்சைக் கிழங்கு 100 கிராமில் மாவுச்சத்து 38 கிராம்வரை. வேகவைத்தது 30-க்கு மேல். சோற்றைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் கிழங்குப் பயிர்களுக்கென்றே ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் இயங்குகிற ஊர் இது. இங்கே வாழ்கிற பிள்ளைக்குக் கப்பை கிடையாது என்று சொல்வது நியாயமில்லை. தோலுரித்து, நறுக்கி, நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரை வடித்துவிடுங்கள். சயனைடு பயம் அதோடு தீரும். பிறகு 150 கிராம் நிறுத்து, மீன்கறியோடு கொடுங்கள். மீனின் புரதம் கிழங்கைக் கொஞ்சம் மெதுவாக்கும்.

கணக்கு எப்படிப் போடுவது? ஒரு பிள்ளைக்கு நாள் முழுக்க, எல்லா ஊசியும் சேர்த்து 25 யூனிட் என்று வைப்போம். 500, 1800 என்பவை டாக்டர்கள் பயன்படுத்தும் தோராய எண்கள். 500-ஐ 25-ஆல் வகுத்தால் 20: ஒரு யூனிட் ஏறத்தாழ 20 கிராம் மாவுச்சத்தைச் சமாளிக்கும். 1800-ஐ 25-ஆல் வகுத்தால் 72: ஒரு யூனிட் சுகரை ஏறத்தாழ 72 புள்ளி இறக்கும். ரெகுலர் இன்சுலின் என்றால் 1800-க்குப் பதில் 1500. காலையில் நாலு இட்லி 48, சாம்பாரில் பருப்புக்கு 5, பால் 10, மொத்தம் 63. மூன்று யூனிட். அப்போது சுகர் 190, இலக்கு 120 என்றால் கூடுதலாக இருப்பது 70. அதற்கு இன்னொரு யூனிட். ஆக நாலு. இது தொடக்கப் புள்ளிதான். சில பிள்ளைகளுக்குக் காலையில் ஒரு யூனிட் 12 கிராமுக்குத்தான் போதும், மதியம் 20 கிராமுக்கு வரும். சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழித்து எடுத்த எண்ணை நோட்டில் எழுதி ஒரு வாரம் பார்த்தால் உங்கள் பிள்ளையின் கணக்கு தானே தெரியும். அந்த நோட்டுதான் டாக்டரிடம் காட்ட வேண்டியது. முந்தாநாள் எடுத்த ஒரே ஒரு எண்ணை வைத்து அவரும் ஒன்றும் செய்ய முடியாது.

மாவுச்சத்தை அடியோடு நிறுத்தும் கீட்டோ டயட்டைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. வளர்கிற பிள்ளைக்கு வேண்டாம் என்பது என் முடிவு. கீட்டோனைக் கண்டு பயப்பட வேண்டிய நோயில் கீட்டோனை வரவழைக்கிற சாப்பாடு எதற்கு?

பந்தியும் போளியும்

கல்யாண வீட்டில் சிக்கல் இனிப்பால் மட்டும் வருவதில்லை, நேரத்தாலும் வரும். அடுத்த பந்தி நமக்குத்தான் என்று நினைத்து ரெகுலர் இன்சுலினைப் போட்டுவிட்டு வாசலில் நிற்போம். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பஸ்ஸில் வந்து இறங்குவார்கள், அந்தப் பந்தி அவர்களுக்குப் போய்விடும். முக்கால் மணி நேரத்தில் பிள்ளைக்கு வேர்க்கத் தொடங்கும். பந்தியில் உட்கார்ந்து, இலை விழுந்து, சோறு வருவதைக் கண்ணால் பார்த்தபின் வேகமான இன்சுலினைப் போடுங்கள். அதனால் சுகர் கொஞ்சம் ஏறினாலும் பரவாயில்லை, இறங்கிப்போவதைவிட மேல்.

திருவனந்தபுரத்துக் கல்யாண விருந்தான சத்யாவில் போளியைப் பாயசத்தில் பிசைந்து தின்பது வழக்கம். வேறு ஊர்க்காரர்கள் இதைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள். மைதா, கடலைப்பருப்பு, சர்க்கரை, அதன்மேல் பாயசம். பிள்ளைக்கு இது வேண்டுமென்றால் சோற்றை ஓர் அகப்பையோடு நிறுத்திக்கொண்டு, அரைப் போளியும் கால் டம்ளர் பாயசமும் கணக்கில் சேர்த்து ஊசி போடலாம். தேங்காய்ப்பாலில் செய்த அடைப்பிரதமன் என்றால் கொழுப்பு செரிமானத்தை இழுத்தடிக்கும், சுகர் தாமதமாக ஏறும். ராத்திரி பரோட்டாவுக்கும் அதே குணம்: படுக்கும்போது 140 இருக்கும், விடியற்காலையில் 280 காட்டும். பரோட்டா தின்ற ராத்திரி மட்டும் நடுவில் எழுந்து ஒருமுறை பாருங்கள்.

பாயசம் தொட்டதற்காகப் பிள்ளையைத் திட்டாதீர்கள். திட்டு வாங்கிய பிள்ளை அடுத்த முறை மறைத்துத் தின்னும், மறைத்ததற்கு ஊசி போடாது. டைப் 1 வீடுகளில் சுகர் கெடுவதற்கு இதுவே பெரிய காரணம் என்று சொல்வேன்.

ஆற்றுகால் பொங்கலை அன்று

கும்ப மாதத்தில் ஆற்றுகால் பகவதி கோயில் பொங்கலைக்காகத் திருவனந்தபுரத்துத் தெருக்களெல்லாம் செங்கல் அடுப்பாகிற நாள். பல பெண்கள் விரதமிருந்து, இடம்பிடித்து, வெயிலிலும் புகையிலும் நைவேத்தியம் ஆகும்வரை காத்திருப்பார்கள். டைப் 1 உள்ள பெண்களும் பொங்கலை போடலாம், முன்கூட்டியே திட்டம் இருந்தால்.

விரதம் என்று அடிப்படை இன்சுலினை நிறுத்தக் கூடாது. அளவைக் குறைக்க வேண்டுமா என்று ஒரு வாரம் முன்னால் டாக்டரிடம் கேளுங்கள். சாப்பிடாத வேளைக்குச் சாப்பாட்டு இன்சுலின் வேண்டாம். மருந்துப் பையை அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள், ஈரத்துணி சுற்றி நிழலில் வையுங்கள். இரண்டு மணிக்கொரு முறை மீட்டரில் பாருங்கள். வெயிலில் வேர்ப்பது எது, சுகர் இறங்கி வேர்ப்பது எது என்று உடம்பு பிரித்துச் சொல்லாது. 70-க்குக் கீழே போனால் அந்த நிமிடமே விரதத்தை முடித்துச் சர்க்கரைத் தண்ணீர் குடியுங்கள். பக்கத்து அடுப்புக்காரரிடம், “எனக்கு டைப் 1, நான் உளறினா சர்க்கரை குடுங்க” என்று காலையிலேயே சொல்லிவைப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இறங்கினால், ஏறினால்

70-க்குக் கீழே லோ. 54-க்குக் கீழே ஆபத்தான லோ. நடுக்கம், வேர்வை, பசி, எரிச்சல், காரணமில்லாத அழுகை. மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ அரை டம்ளர் தண்ணீரில் கலந்து கொடுங்கள், அது 15 கிராமை ஒட்டி வரும். சின்னக் குழந்தைக்கு இதிலும் குறைவு போதும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறாவிட்டால் மறுபடி கொடுங்கள். சாக்லேட் உதவாது, அதன் கொழுப்பு சர்க்கரையை உடனே விடாது. இளநீரும் போதாது, ஒரு முழு இளநீரில் பத்துப் பன்னிரண்டு கிராம்தான் தேறும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பக்கவாட்டில் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

பள்ளிக்கூடத்தில் இதைச் செய்ய ஒரு ஆசிரியருக்காவது தெரிந்திருக்க வேண்டும். 2017-ல் சி.பி.எஸ்.இ. வாரியம், டைப் 1 மாணவர்கள் பொதுத்தேர்வு அறைக்குள் மிட்டாய், பழம், தண்ணீர் கொண்டுபோகலாம் என்று சுற்றறிக்கை அனுப்பியது. வேறு பாடத்திட்டப் பள்ளி என்றாலும் அதைச் சுட்டிக்காட்டி, டாக்டரின் கடிதத்தோடு கேளுங்கள்.

சுகர் 250-க்கு மேல் நின்று, அதோடு வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த மூச்சு, வாயில் பழவாடை என்று வந்தால் கீட்டோன் ஏறுகிறது. சிறுநீர்க் கீட்டோன் ஸ்ட்ரிப் எப்போதும் வீட்டில் இருக்கட்டும். இங்கே எல்லோரும் செய்கிற பிழை ஒன்று: “பிள்ளை ஒண்ணும் சாப்பிடல, அதனால ஊசி போடல.” காய்ச்சலில் சாப்பாடு குறைந்தாலும் உடம்புக்கு இன்சுலின் தேவை குறையாது, பெரும்பாலும் கூடும். அடிப்படை ஊசியை நிறுத்தவே கூடாது. உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, மூன்று மணிக்கொரு முறை சுகரும் கீட்டோனும் பார்த்து, டாக்டரைக் கூப்பிடுங்கள்.

சுகம் ஆகிவிட்டது போல் தோன்றும் மாதங்கள்

ஊசி தொடங்கிச் சில வாரங்களில், மிச்சமிருக்கிற பீட்டா செல்கள் கொஞ்சம் தலைதூக்கும். யூனிட் குறைந்துகொண்டே வரும். நாளைக்கு ஐந்தாறு யூனிட்டில் சுகர் அழகாக நிற்கும். டாக்டர்கள் இதைத் தேனிலவுக் காலம் என்பார்கள். சில மாதம் இருக்கும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும். பிறகு முடிந்துவிடும்.

போலி வைத்தியர்கள் பேர் வாங்குவது இந்த இடைவெளியில்தான். அந்த மாதங்களில் எந்தப் பொடியைக் கொடுத்தாலும் அது வேலை செய்ததுபோல் இருக்கும். “ஊசிய நிறுத்திட்டு நாப்பத்தெட்டு நாள் இதச் சாப்பிடுங்க” என்று யார் சொன்னாலும், எழுந்து வந்துவிடுங்கள். ஒரு மண்டலம் முடிவதற்குள் அந்தப் பிள்ளை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும்.

எங்கே போவது

கேரள சமூகப் பாதுகாப்பு மிஷன் நடத்தும் மிட்டாயி திட்டம், டைப் 1 உள்ள கேரளக் குழந்தைகளுக்கு இன்சுலின், பென், சுகர் பார்க்கும் கருவிகள், ஆலோசனை எல்லாவற்றையும் இலவசமாகத் தருகிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் இதற்கு மையங்கள் உண்டு, திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி உட்பட. மிஷனின் தலைமையகம் பூஜப்புரையில். யாருக்குத் தகுதி, என்னென்ன சான்று வேண்டும் என்பதை மையத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்குப் புலயனார்கோட்டையில் அரசின் நீரிழிவு நிறுவனம் இருக்கிறது. குமரி மாவட்டத்தில் இருப்பவர்கள் மருந்தை ஆசாரிப்பள்ளத்தில் வாங்கிக்கொண்டு ஆலோசனைக்கு மட்டும் திருவனந்தபுரம் வரலாம். ஆனால் இரண்டு இடத்துச் சீட்டையும் ஒரே கோப்பில் வைத்து, இரண்டு டாக்டரிடமும் காட்டுங்கள். சுகரின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையை மூன்று மாதத்துக்கொரு முறை பார்க்க வேண்டும், பெரும்பாலோருக்கு 7-க்குக் கீழே இலக்கு. தைராய்டு பரிசோதனையையும் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். ஒரு தன்னெதிர்ப்பு நோய் இருப்பவருக்கு இன்னொன்று வரும் வாய்ப்பு கூடுதல்.

கடைசியாக, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்ட வேண்டிய எண் 108. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஆம்புலன்சுக்கு அதே எண்தான். போனை எடுத்தவரிடம் முதல் வார்த்தையாக “டைப் 1, இன்சுலின் போடுற பிள்ளை” என்று சொல்லுங்கள், பேரும் தெருவும் அதற்குப் பிறகு.